அறுபத்து மூன்றாம் பெயர்

"உங்க பேரை அடிச்சாச்சு."

விதாதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிச்சாச்சா? நேற்று மாலை அவளே தன் கையால் எழுதிய பெயர். இருபத்தோராவது இடம்...

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"ஏழு மணிக்குப் பேர் கூப்பிட்டேன். நீங்க 'இருக்கேன்'னு சொல்லல."

"மணி இப்ப ஏழு அஞ்சுதானே!"

"அதான் சொல்றேன். அஞ்சு நிமிஷம் லேட்டு."

"பக்கத்துல நின்ன பொண்ணு எனக்காகச் சொல்றேன்னாளே?"

"சொன்னா. ஒத்துக்கல. ஒருத்தருக்காக இன்னொருத்தர் 'இருக்கேன்' சொல்லக் கூடாது. இந்த நாட்டுல கள்ள ஓட்டு விழாத ஒரே இடம் இந்த நோட்டுதான் மேடம். அதையும் கெடுத்துடாதீங்க."

வரிசையே கொல்லென்று சிரித்தது. விதாதின் முகம் சிவந்தது.

துனிஸில் பிரான்ஸ் விசா வாங்கப் போகிற எவருக்கும் இந்த நோட்டைத் தெரியும். உள்ளே இருக்கும் அதிகாரிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடிதடி வேண்டாம் என்று வாசலில் நிற்கும் ஜனங்களே வைத்துக்கொண்ட பட்டியல். காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஆறு... மூன்று வேளையும் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் கோடு விழும். இந்த வாரம் நோட்டு இந்த ஆசாமி கையில். நெடுநெடுவென்ற உயரம், நகக்கண்ணில் எண்ணெய்க் கறை, கடலையே பார்த்துப் பார்த்துக் கடல் நிறமாகிப் போன கண்கள். இடது காதுக்கு மேலே ஒரு மல்லிகைச் செண்டு வேறு!

இடது காது. அதாவது ஆளுக்கு இன்னும் ஜோடி அமையவில்லை. வலது காதில் வைத்தால்தான் அமைந்துவிட்டது என்று அர்த்தம். இந்த முசுட்டுக்கு எவள் அமைவாள் என்று அவள் மனசுக்குள் திட்டினாள்.

"கடைசில எழுதிக்கறேன். அறுபத்தி மூணு. பேரு?"

"விதாத். தடிமனா எழுதுங்க. அப்பதான் அடிக்கறப்ப கை வலிக்கும்!"

அவன் முதல்முறையாகச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து, செப்டம்பரின் முதல் மழை சடசடவென்று கொட்டியது.

எதிர்க் காப்பிக்கடைக் கூரைக்குக் கீழே எல்லோரும் ஓடினார்கள். இருந்த ஒரே காலி இடம்... அவன் எதிரே. அவனுக்குப் பக்கத்தில் அவன் அம்மா, முழங்காலைத் தடவியபடி.

"நனைஞ்சுட்டியே கண்ணு. உக்காரு. நவ்ஃபல், பொண்ணுக்கு ஒரு காப்பி சொல்லுடா. என் பேரு மப்ரூக்கா. இவன் எனக்காகத்தான் வரிசைல நிக்கிறான். பெரியவன் மார்செய்ல இருக்கான், பேரன் பொறந்திருக்கு, ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்னு. நீ எங்க போற?"

"லியோனுக்கு, காலா," என்றாள், சித்தி முறை வைத்து. "மருந்துக்கடை வேலை. ஒரு வருஷ ஒப்பந்தம்."

"நீங்க போகலையா?" என்றாள் நவ்ஃபலிடம், சும்மா இருக்க முடியாமல்.

அவன் சிரிப்பு காணாமல் போனது. "போகத்தான் இருந்தேன். ரெண்டு வருஷம் முன்னால... விசா இல்லாம, படகுல."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"குலெத் துறைமுகத்துல படகு எஞ்சின் ரிப்பேர் பண்றவன் நான். கூட்டாளிங்க மூணு பேர் கிளம்பினாங்க. எஞ்சினைப் பாத்துக்க நீயும் வாடான்னாங்க. பையெல்லாம் கட்டிட்டேன். அன்னிக்கு சாயங்காலம் பாத்து ஒரு பிளாக் படிச்சேன். அவ்வளவுதான், பையை அவிழ்த்துட்டேன்."

"பிளாக்கா? இந்தக் காலத்துல அதையெல்லாம் யாரு..."

"நான் படிப்பேன். மந்திரிங்க டிவில பேசுறாங்க, எல்லாப் பயலும் ஃபோன்ல வீடியோ போட்டுக் கத்துறான். அந்தப் பொண்ணு மட்டும் உக்காந்து யோசிச்சு எழுதுவா. யும்மா, அதை எடு."

மப்ரூக்கா கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டு போட்டிருந்தது. "எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. ஆனா அச்சடிச்சுக் குடுடான்னேன். என் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்த காகிதமாச்சே."

விதாத் வாங்கினாள். தலைப்பைப் பார்த்தாள். 'காலி நாற்காலி.' எழுதியவர்: ஜன்னலோரக்காரி.

யா அல்லாஹ்!

மெட்ரோவின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அவள் எழுதியது. கடலில் போன பையனுக்காக ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் குஸ்குஸ் தாம்பாளத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி போடுவார்கள்... அதைப் பற்றி. நாற்பது பேர்கூடப் படிக்காத பிளாக். 'நேரத்தை வீணடிக்கறே' என்று அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் தினமும் கேலி. இங்கே ஒரு உயிர் எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறது!

"அந்த மூணு பேரு...?" என்றாள்.

"இன்னிக்கு வரைக்கும் ஃபோன் இல்ல." அவன் மழையைப் பார்த்தான். "நான் போயிருந்தா எஞ்சினைப் பாத்திருப்பேனோன்னு சில நாள் தூக்கம் வராது. அப்ப இந்த ஜன்னலோரக்காரி பிளாக்ல ஏதாவது எழுதுவேன். கடல்நாரைன்னு பேர் வச்சுக்கிட்டு."

இரண்டாவது இடி. கடல்நாரை! அவள் எதை எழுதினாலும் கீழே நாலு வரி எழுதுகிறவன். அமைச்சரைக் கிண்டல் செய்வான், அவள் எழுத்துப்பிழையைத் திருத்துவான், அவள் ஒரு வாரம் எழுதாவிட்டால் 'உடம்பு சரியில்லையா?' என்று கேட்பான். முகம் தெரியாத அவனுக்காகவே அவள் சில பதிவுகளை எழுதியிருக்கிறாள்... அது அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

"இந்த நாட்டுல எவன் போனாலும் அவங்க போக மாட்டாங்க," என்றான் நவ்ஃபல் பெருமையாக. "அவங்களே எழுதியிருக்காங்க. 'நான் இங்கேயே இருந்து நாற்காலி போடுவேன்'னு."

மடியிலிருந்த விசா ஃபைல் விதாதுக்குப் பாறாங்கல்லாகக் கனத்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது மனசு. ஆனால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பகல் ஒரு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அவன் கண்ணைப் பார்க்காமலே "இருக்கேன்" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் அம்மா கொடுத்த சூப்பைக்கூடத் தொடாமல் எழுத உட்கார்ந்தாள். 'நானும் வரிசையில் நிற்கிறேன். பட்டியலில் அறுபத்து மூன்றாம் பெயர் என்னுடையது. போகாதே என்று எழுதியவள்தான். தினமும் இருபது அம்மாக்களிடம் இன்சுலின் இல்லை என்று சொல்கிறேன். இருக்கிறது என்று அமைச்சர் டிவியில் சொல்கிறார். இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் கசந்துவிட்டது. ஒரு வருஷம், மருந்து இருக்கிற கடையில் நிற்க ஆசைப்பட்டேன். அதை உங்களிடம் மறைத்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்...'

பதிவேற்றினாள். காலையில் கண் விழித்ததும் பார்த்தாள். கீழே ஒரே ஒரு கருத்து.

கடல்நாரை: 'படித்தேன்.'

அவ்வளவுதானா? நாலு வரிக்குக் குறையாதவன்... ஒரே சொல்லா? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விசா கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன... இந்த ஒருவன் இனி என்னைப் படிக்க மாட்டானே!

ஏழு மணிக்கு அவள் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? எட்டு மணிக்கு மனசு கேட்காமல் கிளம்பினாள். நோட்டிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

வாசலில் அவன் நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"அறுபத்தி மூணை அடிச்சாச்சா?"

அவன் நோட்டை நீட்டினான். அவள் பெயருக்கு எதிரே கோடு இல்லை. டிக்!

"இது எப்படி... யாரு எனக்காக 'இருக்கேன்' சொன்னது?"

பின்னாலிருந்த தொப்பைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்தக் கூத்தை ஏம்மா கேக்குற? அவரேதான் உன் பேரைக் கூப்பிட்டாரு. அவரேதான் 'இருக்கேன்'னாரு! நாங்க வாயைப் பொளந்துட்டு நின்னோம்!"

நவ்ஃபல் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கள்ள ஓட்டுதான். நான்தான் போட்டேன்."

விதாத் நோட்டிலிருந்த டிக்கை மறுபடி பார்த்தாள்.

"முதல்ல ரொம்பக் கோவம் வந்துச்சு. 'படித்தேன்'னு போட்டுட்டு மூடிட்டேன். அப்புறம் அம்மாக்குப் படிச்சுக் காட்டினேன். திட்டித் தீத்துட்டாங்க. 'உன் உயிரைக் காப்பாத்தினவ ஒரு வருஷம் மூச்சு விடப் போறாடா, அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியே'ன்னு."

"பேரை எடுக்கச் சொல்லத்தான் வந்தேன்..."

"எடுக்க மாட்டேன். படகுல போகாதேன்னுதானே எழுதினீங்க? நீங்க வாசல் வழியாப் போறீங்க. வாசல் வழியா வரப் போறீங்க. ஆனா அங்கேருந்து எழுதணும். எழுதாம இருந்தா..."

"உடம்பு சரியில்லையான்னு கேப்பீங்க," என்றாள். கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஆனா எங்கம்மா தனியா இருப்பாங்க. நான் போனா எங்க வீட்டு நாற்காலியும் காலிதானே?"

"ஆகாது." அவன் நோட்டை மூடினான். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வந்து உக்காந்துக்கறேன்."

"நீங்களா? எந்த முறைல?"

"மாப்பிள்ளை முறைல."

தொப்பைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"நேத்துதானே பாத்தோம்..." என்றாள், கேட்குதோ கேட்கலையோ என்கிற குரலில்.

"நான் ரெண்டு வருஷமா உங்களைப் படிக்கிறேன்."

"நானும்தான்..." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கடல்நாரை என்ன சொல்லுவாரோன்னு நினைச்சுக்கிட்டேதான் ரெண்டு வருஷமா எழுதுறேன். பேரு தெரியாது, முகம் தெரியாது... பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்."

அவன் இடது காதிலிருந்த மல்லிகைச் செண்டை எடுத்தான். அவள் பார்க்கப் பார்க்க, வலது காதுக்கு மேல் செருகினான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தான்.

"கள்ள ஓட்டு செல்லாது. திரும்பக் கூப்பிடுறேன். அறுபத்தி மூணு... விதாத்?"

"இருக்கேன்," என்றாள் அவள்.