தேரி விழுங்கிய வேன்

"இன்னைக்குப் பொழுது அடையுமுன்ன வண்டி தானா ஓடி வீட்டுக்கு வரணும். இல்லன்னா காலைல காயலான் கடைக்கு இழுத்துட்டுப் போயிருவாவ. அப்புறம் ஊர் சுத்தப் போறேங்கற பேச்சே எடுக்கக் கூடாது!"

அப்பா போனை வைத்துவிட்டார். செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டு ரோட்டோரம் நின்ற பழைய வேனை ஜெபக்கனி ஓர் உதை விட்டாள். உள்ளே கட்டிலையும் அடுப்பையும் அவளே பொருத்தியிருந்தாள். இமயம்வரை போகவிருந்த வீடு அது. இப்போது அதன் டீசல் டேங்க் துருப்பிடித்து ஒழுகியது. சோப்பைத் தேய்த்து அடைக்கப் பார்த்தாள். விரல் பட்ட இடம் அப்பளமாய் நொறுங்கியது! மிச்ச டீசலை வாளியில் பிடிப்பதற்குள் பாதியைச் செம்மணல் குடித்துவிட்டது.

"இந்த மாடல் டேங்க் கடையில கிடைக்காது," என்றான் தவசி. அவளோடு பயணம் வரவிருந்த டிராக்டர்காரன். "ஆனா தேரிக்குள்ள ஒண்ணு கெடக்கு. மணல்ல சிக்குன வேன், இதே சாதி. எவனோ விட்டுட்டுப் போனது. போன வருசம் கூரை தெரிஞ்சுது. இப்ப மணல் மூடிட்டு."

"வா, கிளம்பு!"

"தண்ணிய எடுக்காம எங்கட்டீ ஓடுத?" என்றாள் ராவியத்து. அவர்களோடு புறப்பட்டிருந்த தோழி. பேச்சு குறைவு.

கடப்பாரை, மண்வெட்டி, ரம்பத்தோடு முந்திரிக்காட்டைத் தாண்டியதும் சிவப்பு மேடுகள். காற்று காலடிகளை உடனுக்குடன் அழித்தது. கழுத்துவரை புதைந்த பனைகள் பேசாமல் நின்றன. அந்த மௌனம் ஜெபக்கனியைப் பிடறியில் தள்ளியது. கடப்பாரையை மணலில் குத்தினாள், பிடுங்கினாள், நகர்ந்தாள், மறுபடி குத்தினாள்.

டங்!

"கிடைச்சுட்டு!"

மேட்டின் செங்குத்தான சரிவில் அவள் மண்வெட்டியை இறக்கினாள்.

"இங்க வேண்டாம்," என்றாள் ராவியத்து. "மணல் சரியும். காத்து அடிக்க பக்கம் போய்த் தோண்டுவோம். அங்க இறுகிக் கெடக்கும்."

"அது சுத்து. நேரமில்ல!"

குழி ஆழமானது. தவசி வேனுக்கடியில் தவழ்ந்தான். "டேங்க் இருக்கு! ஓட்டை இல்ல!" என்ற அவன் கூச்சலோடு மேடு அசைந்தது. உஸ்ஸென்று ஓர் ஓசை. வெளியே வரத் திரும்பியவனை மார்புவரை மணல் இறுக்கிவிட்டது!

ஜெபக்கனி வெறிபிடித்தவள்போல் அள்ளினாள். ஒரு கை அள்ளினால் இரண்டு கை வந்து விழுந்தது. மணல் அவன் தோளைத் தொட்டது.

"நிறுத்துட்டீ! அசையாத!" என்றாள் ராவியத்து.

ஜெபக்கனி நிறுத்தினாள். மூவரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்கள். உலகமே காதாகி மணலைக் கேட்டது. உஸ்ஸென்ற ஓசை மெல்லத் தேய்ந்து, நின்றது.

"உயிரோடதான் இருக்கேன். அழுது தொலைச்சிராதீய," என்றான் தவசி.

செத்த வேனின் பக்கக் கதவை இருவரும் ஓசைப்படாமல் கழற்றினார்கள். அதை அவனுக்குப் பின்னால் சுவராக ஊன்றினார்கள். பிறகு பிடிபிடியாக அள்ளினார்கள். கால் விடுபட்டதும் ஒரே இழு!

டேங்கை விட்டுவிடலாம் என்றுதான் ஜெபக்கனி நினைத்தாள். ராவியத்தோ மண்வெட்டியோடு காற்றடிக்கும் பக்கம் நடந்தாள். அங்கே தோண்டத் தோண்ட மணல் சரியாமல் சுவர்போல் நின்றது. டேங்கைத் தாங்கிய துருப்பிடித்த பட்டைகளை ரம்பத்தால் அறுத்தார்கள். நசுங்கிய, ஆனால் உறுதியான டேங்க் வெளியே வந்தது!

ரோட்டுக்கு வந்து, அதனுள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கித் துருவைக் கொட்டினார்கள். டீசலால் அலசி, ஒழுகிய டேங்கைக் கழற்றிவிட்டு, புதிய பட்டை கட்டி மாட்டினார்கள். இஞ்சினுக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டையும் இறுக்கி, வாளி டீசலை வடிகட்டி ஊற்றினார்கள். சூரியன் பனைகளுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"சாவியப் போடு!" என்றான் தவசி.

"பொறு. குழாயில காத்து இருக்கும்," என்றாள் ஜெபக்கனி. கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தாள். குமிழி வந்தது, வந்தது, நின்றது. சாவியைத் திருப்பினாள். கரும்புகை கக்கி இஞ்சின் கர்ஜித்தது!

வெளிச்சம் மிச்சமிருக்கையிலேயே வேன் வீட்டு வாசலில் நின்றது. அப்பா குனிந்து, டேங்கின் அடியில் விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் காய்ந்தே இருந்தது.

"எப்ப கிளம்புத?"

தவசி வாயைத் திறந்தான். ஜெபக்கனி முந்திக்கொண்டாள்.

"ரெண்டு நாள் நிக்கட்டும்ப்பா. கசியுதான்னு பார்த்துட்டுப் போறோம்."

அப்பா முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப போயிட்டு வா," என்றார்.