பூபாலனின் லாகின்

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். பூண்டிக்குப் பக்கத்தில் அந்த பனியன் கம்பெனியில் ஒரு மெஷினும் ஓடவில்லை. ஜோதிகா மட்டும் வேலைக்கு வந்து இறங்கினாள். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது, கண்ணுகளா?

கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண் அவள். வெளிநாட்டுக்காரர்கள் டிசைன் ஃபைல்களை அனுப்பும் சர்வருக்கு அவள்தான் காவல். அரைமணிக்கொரு தரம் சர்வர் ஓடுகிறதா, ஒவ்வொருவர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் திறக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். அவளுக்கு முன்னால் அதைப் பார்த்தவன் பூபாலன். மூன்று மாதத்துக்கு முன், இதேபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒயர் எரிந்த புகையில் அந்த அறைக்குள்ளேயே செத்துப்போனான்.

மேனேஜர் சரவணக்குமார் அவளை மாடியறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே பூட்டுகிற சத்தம்.

“எதுக்கு சார் பூட்டுதீங்க?”

“டீக்கடைக்கு ஓடீருவீங்கல்ல கண்ணு! ஞாயித்துக்கிழமைன்னா இங்க இதுதானுங்க வழக்கம். சாயங்காலம் தொறக்கறேன்.”

“பூபாலண்ணனையும் இப்படித்தான் பூட்டுனீங்களா?”

கதவுக்கு வெளியே சாவி குலுங்கியது.

“அவன் தூங்கிட்டானுங்க. தட்டியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா?”

செருப்புச் சத்தம் எதிரே இருந்த அவர் அறைக்குப் போனது. எட்டே அடி தூரம்.

மணி ஒன்று பத்து. திரையில் ஒரு வரி வந்தது.

பூபாலன். பாஸ்வேர்டு தவறு.

அந்தப் பெயரை வெள்ளிக்கிழமைதான் அவள் தன் கையாலேயே சர்வரிலிருந்து அழித்திருந்தாள்.

பூபாலன். பாஸ்வேர்டு தவறு.

பூபாலன். உள்ளே.

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று பார்த்தாள். இந்த அறையிலிருந்து. இங்கே இருப்பதோ ஒன்றே ஒன்று. அதன் முன்னால் அவள்தான் உட்கார்ந்திருந்தாள், கை இரண்டும் மடியில்.

கருகிய ஒயர் வாடை மெல்ல எழுந்து தொண்டையைப் பிடித்தது.

டொக்.

கதவை யாரோ தட்டினார்கள். வெளியிலிருந்து அல்ல.

டொக். டொக்.

மார்பளவு உயரத்தில், கதவின் உள்பக்கத்துத் தகரம் குழிந்து குழிந்து நிமிர்ந்தது. அங்கே யாரும் இல்லை.

கும்பிட்டு அழுதுவிடலாம் போலிருந்தது ஜோதிகாவுக்கு. அப்புறம்தான் உறைத்தது. பூபாலண்ணன் தூங்கவில்லை. தட்டியிருக்கிறார். மூன்று மாதமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

பயத்துக்குள்ளிருந்து கோபம் கிளம்பியது. எழுந்து போய், குழிகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று கையை மடக்கினாள்.

“தட்டுங்கண்ணே. நானும் தட்டுதேன்.”

இரண்டு பேரும் தட்டினார்கள். சுவரே அதிர்ந்தது. வெளியே பூட்டு கழன்று விழுந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். “யாரு தொறந்தது?”

“நானும் அண்ணனும்.”

“நாளைக்கிருந்து இந்தப் பக்கமே வராதீங்க!”

“வருவேன் சார். கதவு தொறந்து கெடந்தா வேலை பாப்பேன். இன்னொரு தரம் பூட்டுனா ஸ்டேஷன்ல வச்சுப் பேசுவோம். பூட்டுனாலும் பூட்டாட்டியும், அண்ணன் தூங்கலங்கிறதை அங்க சொல்லத்தான் போறேன்.”

அவர் முகம் வெளுத்தது. விடுவிடுவென்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜோதிகா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தரையில் கிடந்த பூட்டைக் காணோம். எதிரே, மேனேஜர் அறைக் கதவில் அது பூட்டித் தொங்கியது. சாவி அவர் சட்டைப்பையில். அவரோ உள்ளே.

தட்டுகிற சத்தம் தொடங்கியது.

“கேக்குது சார்,” என்றாள் அவள். “சுத்தியல் எடுத்தாரேன். தட்டிக்கிட்டே இருங்க.”

இரண்டு படி இறங்கியவள் அப்படியே நின்றாள்.

உள்ளேயிருந்து தட்டியது இரண்டு பேர்.