ஆடிப் பலகை

காலையில் எழுந்ததும் தெய்வானை செய்கிற முதல் வேலை, புருஷனின் முகத்தைத் துடைப்பது. வாசல் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் முகப்புத்திரையில் நாச்சிமுத்து கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். இரவு படிந்த புழுதியை ஈரத்துணியால் வழித்தெடுப்பாள். திரையில் தூசி தெரிந்தால் முகப்பு வாரியம் குழாயை அடைத்துவிடும். திரையை அணைத்தாலும் அதே தண்டனைதான். கோவைக்கு வெளியே அந்த வெயில்காட்டில் தண்ணீர் நின்றால் உயிர் நின்ற மாதிரி.

"வாங்க, வாங்க, சௌக்கியமுங்களா?" என்று தெருவில் போகிறவர்களை நாச்சிமுத்து விசாரிப்பார். அவர்களும் "சௌக்கியமுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். மனுஷன் போன ஆவணியிலேயே செத்துப்போனது தெருவுக்கே தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளத்தான் கூடாது.

எந்த வாசலில் எந்த மாதம் எதைக் காட்டலாம் என்பதற்கு வாரியத்தின் பருவ விதி இருக்கிறது. கார்த்திகைக்கு அகல், மார்கழிக்குக் கோலம், தைக்குக் கரும்பு. சாவுக்கும் ஒரு பருவம் ஒதுக்கியிருந்தார்கள், ஆடி. பெருவெப்பம் வந்த வருஷம் வீட்டுக்கு வீடு கண்ணீர் அஞ்சலிப் பலகை முளைத்ததில் பெரிய மனிதர்களுக்குக் கண் உறுத்திவிட்டதாம். அன்றிலிருந்து பலகை ஆடியில் மட்டும்தான். மற்ற மாதங்களில் செத்தவர்களைத் திரை உயிரோடு நடமாட விடும். பலகை இல்லாத வீட்டில் யாரும் துக்கம் விசாரிக்கக் கூடாது. வாசலில் அழக் கூடாது. திரைக்குக் காதும் உண்டு.

நாச்சிமுத்துவுக்கு மாரடைப்பு வந்தது ஆடி முடிந்த மறுவாரம். உடம்பை வாரிய வண்டி எடுத்துப்போனது. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. "சாகறதுக்குக்கூட நேரம் பாக்கத் தெரியாத மனுஷன்" என்று தெய்வானை அடுப்படியில் முனகினாள். அவருக்கு என்னதான் தெரிந்தது? ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தபோது, வாங்க வந்தவள் கண்ணைக் கசக்கினால் போதும், சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவார். கடை மூழ்கியதே அப்படித்தான். பொங்கலன்று அதே மனுஷன், கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லாதவர், திரையில் கரும்பைக் கடித்து இழுத்தபோது தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆடி வரட்டும், பலகை வைப்பேன், எதிர்வீட்டுப் பூவாத்தாள் வருவாள், அவளைக் கட்டிக்கொண்டு ஊர் கேட்க அழுவேன். அந்த ஒரு நினைப்பில்தான் கஞ்சி இறங்கியது.

ஆனி கடைசியில் வாரியத்து ஆள் சிவமலை வந்தான்.

"ஆடிக்குப் பலகை எழுதிக் குடுக்கோணுங்களே தம்பி?"

"அதெல்லாம் எடுத்தாச்சுங்கம்மா. இந்த வருசத்துலருந்து ஆடி, தள்ளுபடிப் பருவமுங்க. கடைக்காரங்க மாசத்தையே மொத்தமா எடுத்துட்டாங்க."

"அப்ப எங்க எழவு?"

"மெதுவாப் பேசுங்கம்மா, திரை கேக்குது. துக்கத்துக்கு வேற மாசம் யோசிக்கிறாங்களாமா."

"நாசமாப் போக" என்றாள் தெய்வானை. அவன் அதையும் கேட்டுப் பழகியவன் போலத் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஆடி முதல் நாள் நாச்சிமுத்து புது வேட்டிக் கட்டோடு திரையில் நின்றார். "வாங்க, வாங்க, ஒண்ணு எடுத்தா ஒண்ணு இனாமுங்க!" அவர் செத்தபோது வராத சனம் அன்று வாசலில் முண்டியடித்தது. காசு தட்டினால் திரைக்கடியில் இருந்த பெட்டி வேட்டியைத் துப்பியது. தெய்வானை கம்பிக்கதவுக்கு உள்ளே கல்லாய் நின்றாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு பூவாத்தாள் வந்தாள்.

"இந்த வேட்டி என்ன வெலைங்க்கா?"

தெய்வானை அவளை முறைத்தாள். "நீயுமாடி?"

பூவாத்தாள் கம்பிக்குள் கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். காதோடு சொன்னாள்: "பேரம் படியற வரைக்கும் வாசல்ல நிக்கலாமுங்க்கா. அழுதாலும் பேரக் கணக்குல போயிரும். வெலையச் சொல்லுங்க. ஏத்திச் சொல்லுங்க."

தெய்வானைக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "பத்தாயிரம்" என்றாள். குரல் உடைந்தது.

"ஐயோ, அவ்வளவா! ஐயோ, எங்கண்ணனோட வேட்டி அவ்வளவா!" பூவாத்தாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அதுக்கும் மேல போகும்டி! அதுக்கு வெலையே இல்லடி பூவாத்தா!" பதினோரு மாதம் அடக்கி வைத்த அழுகை கிளம்பியது. நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டு இரண்டு பெண்களும் வாய்விட்டு அழத் தொடங்கினார்கள்.

திரை கேட்டது. திரைக்குள் நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். அவருடைய குணம் ஒன்றுவிடாமல் அதில் ஏற்றியிருந்தார்கள்.

"அட, கண்ணத் தொடைங்க ஆத்தா. காசு கெடக்குதுங்க. சும்மாவே எடுத்துக்குங்க."

பேரம் படிந்துவிட்டது. பெட்டி ஒரு வேட்டியைத் துப்பியது. பேரம் முடிந்ததைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்ததும், கூட்டத்தைக் காத்து நின்ற வாரியக் காவலாள் பூவாத்தாளின் கையைக் கம்பியிலிருந்து பிரித்து இழுத்துப்போனான்.

"அடப் பாவி மனுஷா, இன்னும் கொஞ்சம் பேசக் கூடாதா!" என்று தெய்வானை கம்பி வழியே கையை நீட்டித் திரையை அறைந்தாள்.

நாச்சிமுத்து கைகூப்பி அடுத்த ஆளைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க, வாங்க, சௌக்கியமுங்களா?"