விளக்கு சிமிட்டும்போது தொடாதே!

"ஐயோ... அட்டிகையக் காணோம்!"

மாரியம்மாவின் அலறலில் ஈப்போ லிட்டில் இந்தியாவே ஒரு கணம் தோசை சுடுவதை நிறுத்தியது!

நகைக்கடை முதலாளி தனேஸ்வரனின் மனைவி அவள். கண்ணாடிப் பெட்டியில் நகை மாட்டும் வெல்வெட் கழுத்துப் பொம்மை மட்டும் நின்றது. வைர அட்டிகை... அபேஸ்!

போலீஸ் வந்தது. சார்ஜன் தர்மா.

"கேமரா இருக்கா?"

"இருக்கு சார்... படம் பதியிற கம்ப்யூட்டர்தான் செத்துப் போச்சு!" விற்பனையாளன் பவித்ரன் இருண்ட திரையைக் காட்டினான். "காலையில சும்மா சும்மா ஹேங் ஆச்சு. கம்ப்யூட்டர எழுப்பி விடுற புரோகிராம், பயாஸ், அதுக்கு அப்டேட் போட்டேன். பாதியில கரண்ட் கட்!"

"நகையும் போச்சு, கம்ப்யூட்டரும் போச்சு!" தர்மா விலங்கை எடுத்தார். "நல்லாருக்கு லா உன் கதை!"

"இவனேதான் சார்! இழுத்துட்டுப் போங்க!" தனேஸ்வரன் கத்தினார்.

"சார்... அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்..."

"நில்லுங்கண்ணே!"

வாசலில் சரளா! ஜெலாப்பாங்கில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். பவித்ரன் போன் போட்டு வரவழைத்திருந்தான். ஒரு கையில் பென் டிரைவ். மறு கையில் கனமான பேட்டரிப் பெட்டி.

"டிஸ்க்கக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல பாக்கலாமே?" என்றார் தர்மா.

"முடியாதுண்ணே. பூட்டுப் போட்ட டிஸ்க். இதே போர்டுல, பழைய பயாஸ் இருந்தாத்தான் தொறக்கும். பழசுக்கே திரும்பிப் போலாம்!"

போர்டின் மாடல் எண்ணை இன்னொரு முறை சரிபார்த்தாள். அதே மாடலுக்கான பழைய வெர்ஷன்தான் பென் டிரைவில் இருந்தது. கம்ப்யூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பேட்டரிப் பெட்டியில் சொருகினாள். பென் டிரைவைச் செருகி, பின்பக்கப் பொத்தானை அழுத்தினாள்.

சின்ன விளக்கு... சிமிட்டியது!

"பழைய பயாஸ் ஏறுது. சிமிட்டுறது நிக்கிற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. மூச்சு மட்டும் விட்டுக்கலாம்!"

சிமிட்... சிமிட்... சிமிட்...

டப்!

கடை விளக்கெல்லாம் அணைந்தது! மின்விசிறி நின்றது!

"அலமாக்! போச்சா?" தர்மா அலறினார்.

"போகலண்ணே! பேட்டரியில ஓடுது!"

சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டேயிருந்தது.

தர்மா திரும்பினார். மெயின் சுவிட்ச் மேல்... தனேஸ்வரனின் கை!

"வந்து... கொசு..." என்றார் தனேஸ்வரன்.

சிமிட்டல் நின்றது. தர்மா மெயின் சுவிட்சை மறுபடி போட்டார். சரளா கம்ப்யூட்டர் சுவிட்சைத் தட்டினாள். திரை ஒளிர்ந்தது!

காலைப் பதிவு ஓடியது. ஆளில்லாத கடை. தனேஸ்வரன் அட்டிகையை எடுக்கிறார். தன் கழுத்தில் மாட்டுகிறார். கண்ணாடி முன் இடுப்பை வெட்டி ஒரு குத்தாட்டம்! பிறகு கழற்றப் பார்க்கிறார்... இழுக்கிறார்... எண்ணெய் தடவுகிறார்... ம்ஹூம்!

"கொக்கி சிக்கிக்கிச்சு சார்..."

தனேஸ்வரன் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். உள்ளே வைரம் பளபளத்தது!

"இவ பாத்தா மானம் போயிரும்னு காலையிலயே படத்த அழிக்க வந்தேன். திரையில 'கரண்ட நிறுத்தாதே'ன்னு போட்டிருந்துச்சு... அதான் நிறுத்துனேன்!"

"அதுக்குப் பவித்ரன உள்ள தள்ளப் பாத்தீங்களா?" மாரியம்மா பாய்ந்தாள்.

"பொய்ப் புகாரு!" தர்மா விலங்கைத் தனேஸ்வரன் பக்கம் திருப்பினார். "நடங்க தவுக்கே, பெரிய முதலாளி! அட்டிகைய ஸ்டேஷன்ல வெட்டி எடுத்துரலாம்."

மாரியம்மா கணவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போங்க சார். ஆனா அட்டிகைய மட்டும் கழட்டிராதீங்க... கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் மனுசன் பாக்க லட்சணமா இருக்காரு!"