கரமனை வீட்டு மருந்துப் பாட்டில்

தொண்ணூற்றைந்தாம் வருஷத்து ஜூன் மாதம், இடவப்பாதி மழை விட்டபாடில்லை. அரசாங்க ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தெரிந்தவர்களின் சிக்கல்களைத் துப்பறிந்து தரும் சேஷனுக்குக் காலையிலிருந்தே அசதி. அவர் உதவியைத் தேடி நனைந்துகொண்டு வந்த சுப்ரியா அவரைவிடக் களைத்திருந்தாள்.

தன் சிறுநீரகங்களில் ஒன்றை அண்ணன் கௌசிக்குக்குக் கொடுத்தவள் அவள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கரமனையில் இருக்கும் வீட்டுக்கு வந்த பிறகு புதுச் சிறுநீரகம் தகராறு செய்ய ஆரம்பித்துவிட்டது. உடம்பு அதை ஒதுக்கிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து ரத்தத்தில் போதவில்லை என்று டாக்டர் கோபித்துக்கொண்டாராம். அந்தச் சிறுநீரகம் கெட்டுப்போனால் கொடுப்பதற்கு அவளிடம் இன்னொன்று உபரியாக இல்லை.

"மருந்து கொடுக்கறது மன்னியாக்கும், மாமா. நேக்கு வேற யார்மேலயும் சந்தேகமில்லை," என்றாள்.

சேஷனின் நண்பர் அழகியநம்பி, தபாலாபீஸில் இருந்தவர், துப்பு என்றால் சோற்றை மறப்பவர். அண்ணி மருந்தைக் கொட்டிவிட்டு வேறு எண்ணெயை ஊற்றி வைத்திருப்பாள் என்று கரமனைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மருந்து கொடுப்பதைப் பார்க்க வேண்டும் என்றதற்குக் கௌசிக்கின் மனைவி விஜயலக்ஷ்மி மறுப்புச் சொல்லவில்லை. அழுது ஓய்ந்த முகம். புதுப் பாட்டிலின் மூடி முத்திரையை அவர்கள் எதிரிலேயே உடைத்தாள். எண்ணெய் போன்ற மருந்தைச் சரியாக அளந்து, பாலில் கலந்து கொடுத்தாள். கௌசிக் சொட்டு விடாமல் குடித்தான். டம்ளர், கல்யாணப் பந்தலில் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக். குடித்ததும் குப்பைக் கூடைக்குப் போயிற்று. நம்பியின் முகம் தொங்கிப்போனது.

சேஷன் கூடையிலிருந்து அதை எடுத்து உள்ளே தடவினார். வழவழவென்றிருந்தது. தண்ணீர் விட்டு அலசினார், வழவழப்புப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் எதில் கொடுத்தார்கள் என்று கேட்டார். கண்ணாடி டம்ளரில்தான், அதிலேயே இன்னும் கொஞ்சம் பால் விட்டு அலசிக் குடிக்கச் சொல்வார்கள் என்றான் கௌசிக். இந்த டம்ளரை வாங்கியது யார் என்று சேஷன் கேட்டபோது, விஜயலக்ஷ்மி மிச்ச டம்ளர் அடுக்கை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். கௌசிக் அசந்து படுத்துவிட்டான்.

கூடத்தில் சேஷன் சுப்ரியாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"யாரும் மருந்தைத் திருடலை, கலப்படமும் பண்ணலை. எண்ணெய் மருந்து பிளாஸ்டிக்கிலே ஒட்டிக்கும். தினமும் மருந்திலே ஒரு பங்கு குப்பைக்குப் போயிருக்கு. இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்கோ. காலம் தப்பலைன்னு நினைக்கறேன்."

சுப்ரியாவின் முகம் வெளிறிப்போயிற்று.

"தொத்து வந்தா கிட்னி போயிடும்னு டாக்டர் சொன்னார். வீட்டு டம்ளர்லாம் எல்லார் எச்சிலும் படறதாக்கும்னு, சாலைக் கடையிலேர்ந்து நான்தான் வாங்கிண்டு வந்தேன். ஆஸ்பத்திரியிலே சொன்னபடி கண்ணாடி டம்ளர்லயே கொடுப்போம்னு மன்னி சொன்னா. நான் கேக்கலை."

சேஷனுக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இந்த வழக்கை எடுத்திருக்கவே வேண்டாம் என்று பட்டது.

சுப்ரியா அடுக்களைக்குள் போனாள். கூடத்தில் பேசியது அங்கே கேட்டிருந்தது. விஜயலக்ஷ்மி மிச்ச டம்ளர்களை நசுக்கி ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணாகிட்ட சொல்லாதே," என்றாள். "நீ கொடுத்ததை நீயே கெடுத்தேன்னா அவருக்குத் தாங்காது. என்னாலேன்னே இருக்கட்டும்."

சுப்ரியா தரையிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் படுத்திருந்த அறைக்குப் போனாள்.

"அண்ணா, முழிச்சிண்டிருக்கியா? உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."