விருந்தாளிக்கு ஒரு வெள்ளைச் சுவர்

"ஐயையோ... அழிச்சிடாதீங்க! நல்லாத்தானே இருக்கு!"

திடீரென்று கேட்ட குரலில் டீனாவின் கையிலிருந்த ரோலர் நழுவி, பெயின்ட் பக்கெட்டுக்குள் தொப்பென்று விழுந்தது. தெறித்த வெள்ளை, நெற்றி, மூக்கு, துப்பட்டா என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

கோபமாகத் திரும்பினாள். வாசலில் ஒருவன். பெங்களூரு ஈஜிபுராவில் பெய்த மழை மொத்தத்தையும் தானே வாங்கிக்கொண்டு வந்தவன் மாதிரி சொட்டச் சொட்ட நின்றான். முதுகில் பை, நெற்றியில் ஒட்டிய முடி... கண்கள் மட்டும் நனையாமல் சிரித்தன. சிரிக்கிற கண்களைக் கண்டாலே டீனாவுக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

"யாருங்க நீங்க?"

"மழைக்கு ஒதுங்கினேன்... அந்த வானவில்ல ஏன் அழிக்கிறீங்க?"

சுவரில் பாதி வானவில்தான் மிச்சமிருந்தது. அதன் கீழே வரிசையாகக் கை அச்சுகள், போன வருஷம் கனடாவிலிருந்து வந்தவர்கள் வைத்தவை.

"நாளைக்கு மலேசியாலேருந்து மிஷன் ட்ரிப்னு ஒரு டீம் வருது. வர்றவங்களுக்குச் சுவர் வேணாமா?"

"சுவரா?"

"ஆமாங்க! இது எங்க சர்ச் நடத்துற டியூஷன் சென்டர். வருஷா வருஷம் யாராவது வருவாங்க. சுவத்துல படம் வரைவாங்க, பிள்ளைங்களோட போட்டோ எடுப்பாங்க, கடைசி நாள் கட்டிப்பிடிச்சு அழுவாங்க, போயிடுவாங்க. அடுத்த டீம் வர்றதுக்குள்ள நான் வெள்ளையடிச்சு வைப்பேன். இதுவும் ஒரு ஊழியம்தான்!"

"சுவர் வேணாம், வேற எதாச்சும் செய்யுங்கன்னு சொல்ல வேண்டியதுதானே லா?"

"வீடு தேடி வந்தவங்ககிட்ட அதைக் குடு, இதைக் குடுன்னா கேப்பாங்க? என்ன வேணும்னு அவங்களும் கேட்டதில்ல... நாங்களும் சொன்னதில்ல."

அந்த 'லா'விலேயே அவள் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் வாய்க்கு வேகம் வந்துவிட்டால் டீனாவின் காதுக்கு வேலை இருக்காது.

அவன் பையை இறக்கி வைத்தான். ஓரமாகக் கிடந்த இன்னொரு ரோலரை எடுத்தான். வானவில்லின் அந்தப் பக்கத்தை அழிக்க ஆரம்பித்தான். வெளியே மழை... உள்ளே இரண்டு ரோலர்களின் சத்தம். நடுவில் சந்தித்தபோது இரண்டு பேருமே சட்டென்று நகர்ந்துகொண்டார்கள். மழை விட்டதும், "பேரு கிளெமென்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நல்ல பையன்தான் என்று நினைத்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். பெயின்ட் இன்னும் கொஞ்சம் பரவியது.

மறுநாள் காலை. மஞ்சள் டீ-ஷர்ட்டில் மலேசியா டீம் வந்து இறங்கியது. பாஸ்டர் நோயல் வாயெல்லாம் பல்லாக ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையின் கடைசியில்... மஞ்சள் டீ-ஷர்ட். அதே கண்கள். மலேசியத் தமிழர் பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த 'லா' இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

டீனாவுக்குக் காலுக்குக் கீழே பூமி பிளக்காதா என்றிருந்தது.

"ஊர் சுத்திப் பாக்கணும்னு ஒரு நாள் முன்னாடியே வந்துட்டேன்" என்று கிசுகிசுத்தான்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நெசத்த சொல்லியிருப்பீங்களா?"

டீனா துப்பட்டாவை உதறிக்கொண்டு நகர்ந்தாள்.

அதோடு விட்டானா? ஜெபம் முடிந்து பிரஷ்களைக் கையில் கொடுக்கும் நேரத்தில், எழுந்து நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டான். வானவில், வெள்ளையடிப்பு... எல்லாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டீமும் சிரித்தது. பாஸ்டர் நோயல் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேநீர்த் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"அதனால இந்தத் தடவ நாங்களே கேக்கறோம். டீனா, உங்களுக்கு என்ன வேணும்?"

எல்லாக் கண்களும் அவள் மேல்.

"எங்களுக்கு எல்லாம் இருக்கு. ஒண்ணும் வேணாம்" என்றாள் டீனா. பாஸ்டர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சமையலறைப் பக்கம், சென்டரில் சமைக்கிற எல்லம்மா பிள்ளைகளுக்குச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். டீனா தாளிக்காமலே பொரிந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே வந்து நின்றான் கிளெமென்ட்.

"விருந்தாளி மனசு கோணக்கூடாதுன்னு செஞ்சோம். அதைப் போய் எல்லார் முன்னாடியும் சிரிப்பாக்கிட்டீங்க. எங்க பாஸ்டர் மூஞ்சியப் பாத்தீங்களா?"

பார்த்தானோ இல்லையோ, திரும்பிப் போனான். ஜன்னல் வழியாக டீனா கவனித்தாள். பாஸ்டரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தலை குனிந்தபடி ஏதோ சொன்னான். ரொம்ப நேரம் கழித்து, பாஸ்டர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

திரும்பி வந்தபோது அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் அவனைப் பார்க்க ஏனோ அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"தப்பு எம்மேலதான். கேக்கறதுக்கும் ஒரு மொற இருக்கு லா... இப்ப மெதுவா கேக்கறேன். என்ன வேணும்?"

சுண்டலைக் கிளறியபடியே எல்லம்மாதான் சொன்னாள்.

"தாப்பாள் வேணும்ப்பா."

"தாப்பாளா?"

"பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம் கதவுக்கு. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். பாதி புள்ளைங்க வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்குங்க."

டீனாவுக்குச் சுருக்கென்றது. தினம் பார்க்கிற காட்சிதான் அது. தோழிகள் ஜோடியாகப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று ஊரையே குறை சொன்னாளே... அவள் மட்டும் யாரிடம் கேட்டாள்?

"சிவாஜிநகர்ல நல்லதா கிடைக்கும்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "வர்றீங்களா?"

பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. "ஸ்வல்ப முந்தெ ஹோகி" என்று கண்டக்டர் கத்த, கிளெமென்ட் திருதிருவென்று முழித்தான்.

"கொஞ்சம் முன்னாடி போகச் சொல்றாரு."

"போறதுக்கு எடம் எங்க?"

"அதான் பெங்களூரு! இடம் இருக்காது, ஆனா போகணும்."

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை என்றான். அப்பா இல்லை, அம்மா மட்டும். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் விமானம் ஏறினானாம். "மொத நாளே நீங்க என்னையும் சேத்து வெள்ளையடிச்சிட்டீங்க" என்றான். டீனா சிரித்தேவிட்டாள். ரஸ்ஸல் மார்க்கெட் பூக்கடைகள், பசிலிக்கா தேவாலயத்தின் உயர்ந்த கோபுரம், சந்தில் நின்றபடியே ஒரு காபி... பிறந்ததிலிருந்து பார்க்கிற ஊர்தான். அவன் வாயைப் பிளந்து பார்த்தபோது அவளுக்கும் புதுசாகத் தெரிந்தது.

தாப்பாளைத் தானே போடுவேன் என்று அடம்பிடித்தான். வேர்க்க விறுவிறுக்கப் போட்டும் முடித்தான். கதவுக்கு வெளியே.

"சார், உள்ள போறவளை அடைச்சு வைக்கவா?" என்று எல்லம்மா கேட்டதும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காது சிவக்கக் கழற்றி மறுபடி போட்டான். முதலில் உள்ளே போன சிறுமி தாப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்துகொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் நின்ற நிற்பைப் பார்த்தபோதுதான்... டீனாவுக்குப் பயம் வந்தது.

வந்தவர்கள் போவார்கள் என்பது அவளுக்குப் பழகிப்போனது. மனசைக் கொடுக்காமல் டாட்டா காட்டுவதில் அவள் கெட்டிக்காரி. இவனுக்கு மட்டும் அந்தக் கை எப்படி எழும்பப் போகிறது?

அந்த நாளும் வந்தது. அன்று மத்தியானம் ஏர்போர்ட் போகிற வேன் சந்து முனையில் நின்றது. டீம் முழுக்கப் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதது. கிளெமென்ட் அழவில்லை. படம் எதுவும் வரையாத அந்த வெள்ளைச் சுவர் ஓரமாக நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்ப வருவேன் என்று ஒரு வார்த்தை... ஒரே வார்த்தை சொல்லமாட்டானா? தானாகக் கேட்க அவள் ரோஷம் விடவில்லை.

"மழை வரும்போலிருக்கு" என்றாள்.

"ம்."

"ஏர்போர்ட் ரோட்ல டிராஃபிக் இருக்கும்."

"ம்."

"வேற ஒண்ணும் பேசத் தெரியாதா உங்களுக்கு?"

"நிறைய இருக்கு டீனா" என்றான் மெல்ல. "ஆனா நானா முடிவு பண்ணி, நானா வந்து, நானா எதாச்சும் வரைஞ்சிட்டுப் போனா... அந்த வானவில் கதைதானே? அதனால கேக்கறேன். இப்ப யாரும் பாக்கல." ஒரு எட்டு கிட்டே வந்தான். "உங்களுக்கு என்ன வேணும்?"

எல்லாம் இருக்கு, ஒண்ணும் வேணாம்... பழக்க தோஷத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை டீம்களிடம் சொன்ன பதில்! சொல்லிவிட்டால் இவனும் தலையாட்டிவிட்டு வேன் ஏறிவிடுவான். நாளைக்கு அவள் இந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது.

"நீங்க வேணும்" என்றாள். சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. "திரும்ப வரணும். டீமோட இல்ல... மஞ்சள் டீ-ஷர்ட் போட்டுக்கிட்டு இல்ல. தனியா."

வேன் டிரைவர் ஹாரனை அழுத்தினார். கிளெமென்ட் காதிலேயே வாங்கவில்லை. நனையாத அந்தக் கண்கள் இப்போது நன்றாகவே நனைந்திருந்தன.

"தனியா வரமாட்டேன்."

அவள் முகம் வாடியது.

"அம்மாவக் கூட்டிக்கிட்டுதான் வருவேன். உங்க வீட்டுல வந்து, மொறையா கேக்கணும்ல?"

டீனா அழுதாள், சிரித்தாள், எது முதலில் என்று அவளுக்கே தெரியவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"அத்தை வர்றதுக்குள்ள... வெள்ளையடிச்சு வைக்கணுமா?"

"வேணாம் லா" என்றான் கிளெமென்ட். "நான் வந்தப்புறம் சேந்தே அடிப்போம்."