பதினாறாம் நம்பர் ஸ்டிக்கர்

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். இளங்கோ அதை நெம்பி எடுத்தபோது உட்புறத்தில் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கட்டிங் டேபிளில் வெட்டிய துணிகளின் மேல் ஒட்டுகிற அதே ஸ்டிக்கர். பேனாவில் பதினாறு என்று எண் போட்டிருந்தது.

முதலில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. திருப்பூரில் பழைய கார் வாங்கினால் அதற்குள் பனியன் கம்பெனிச் சாமான் ஏதாவது இல்லாமல் போகாது. சீட்டுக்கு அடியில் சைஸ் லேபிள்களும் நூல் பிசிறும் ஏற்கெனவே கிடைத்திருந்தன. விற்றுக் கொடுத்தவன்கூட அன்றைக்கே சொன்னான்: "கட்டிங் யூனிட் வெச்சிருந்தவரோட வண்டிங்க. இப்ப அவரு இங்க இல்லீங்க." எங்கே போனார் என்று இளங்கோ கேட்கவில்லை. அவனும் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர்தான். தொழிலை விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஊரில் நிறையப் பேர்.

ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். பசை ஈரமாக விரலோடு வந்தது. வெயிலில் நிற்கிற காருக்குள் எந்தப் பசையும் ஒரு கோடையைத் தாண்டாது. மஞ்சளாகிக் காய்ந்து உதிர்ந்துவிடும். இது சற்று முன்பு ஒட்டியதுபோல இருந்தது.

"என்னங்க பாக்கறீங்க?" என்றாள் அவன் மனைவி வினிதா, ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல. ஸ்டிக்கரு."

"மெக்கானிக்கிட்ட உட்டா உங்க கெத்துக் கொறஞ்சு போயிருமாக்கும். கழட்டறது பெருசில்லீங்க, மாட்டோணும். மாட்டி முடிக்கறப்ப கையில நாலு போல்ட் மிச்சம் நிக்கட்டும், அப்பறம் இருக்குது உங்களுக்கு."

"ஒரு போல்ட்டு மிச்சமானா நீ சொல்றதக் கேக்கறேன்."

"இதோட எத்தன தடவ கேட்டிருக்கறீங்க," என்று சிரித்தவள் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "பாப்பாவுக்குப் புழுதி ஆவாதுங்க. பாத்துக்கங்க. நான் போயிப் பிரியாணி வாங்கிட்டு வந்தர்றேன்."

கம்பெனி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மிஷின்கூட ஓடவில்லை. முதலாளியிடம் சாவி வாங்கி, காரைக் கம்பெனிக்குள்ளேயே கொண்டுவந்து கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு படபடத்தது. வெட்டாத துணி ரோல்களிலிருந்து சாயமும் சோப்பும் கலந்த வாடை. தேஜஸ்ரீ காருக்குப் பின்னால் மெத்தென்று கிடந்த துணிக் குவியலின்மேல், டேபிள் ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்து நூல்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. இந்த ரிப்பேரே அவளுக்காகத்தான். ஏசி போட்டால் கொஞ்ச நேரம் குளிரும், பிறகு டேஷ்போர்டுக்குள் ஏதோ 'டிக், டிக், டிக்' என்று அடிக்கும், உடனே கருகல் நாற்றத்தோடு அனல் அடிக்கும். அந்தக் காற்று பட்டால் குழந்தைக்கு வீசிங் வந்துவிடும். காங்கேயத்துக்குப் போகிற வழியில் ஒருமுறை உதடு நீலமாகவே போய்விட்டது. உள்ளே காற்றைத் திருப்பிவிடுகிற தகட்டின் மோட்டார் கெட்டிருக்கிறது, அதைத் தொட முழு டேஷ்போர்டையும் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னான். இளங்கோ இரண்டு வாரம் செல்போனில் வீடியோ பார்த்தான். துணியை வெட்டுகிற கைக்கு இது ஒரு வேலையா என்று தோன்றிவிட்டது.

அவன் எதையும் முறையாகச் செய்கிறவன். பேட்டரி வயரைக் கழற்றினான். ஏர்பேக்கில் மிச்சமிருக்கிற மின்சாரம் அடங்கட்டும் என்று காத்திருந்தான். ஸ்டீயரிங், மீட்டர், மியூசிக் சிஸ்டம், கிளவ்பாக்ஸ். கழற்றிய ஒவ்வொன்றிலும் தான் எழுதிக் கொண்டுவந்த ஸ்டிக்கரை ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கட்டிங் டேபிளில் அடுக்கினான்.

ஆனால் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வேறொரு ஸ்டிக்கர் முன்பே இருந்தது.

மீட்டருக்குப் பின்னால் பதினாறு. கிளவ்பாக்ஸில் பதினாறு. வயர் முடிச்சில், வென்ட்டுக் குழாயில், ஒரு திருகாணியின் தலையில்கூட. எல்லாம் பதினாறு.

அப்போதுதான் சிரிப்பு நின்றது. கட்டிங்கில் ஒரே நம்பர் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு ஸ்லீவ், நான்கிலும் ஒரே எண் இருக்கும். அந்த நான்கையும்தான் டைலர் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். வேறெதையும் சேர்க்கக் கூடாது. கார் பாகங்களுக்கு அடையாளம் வைக்கிறவன் தனித்தனி எண் போடுவான், தன்னைப்போல. இவனோ எல்லாவற்றையும் ஒரே உருப்படியாக நினைத்து ஒட்டியிருக்கிறான்.

கடைசி போல்ட்டையும் எடுத்துவிட்டு, டேஷ்போர்டை மார்போடு அணைத்துக் கதவு வழியாக வெளியே இழுத்தான். அது ஆளைச் சுமப்பதுபோலக் கனத்தது. டேபிளில் கிடத்தித் தன்னுடைய பதினைந்தாம் நம்பரை ஒட்டினான்.

அப்போது காருக்குள்ளிருந்து கேட்டது.

டிக்.

பேட்டரி கழற்றிய வண்டி. மோட்டாருக்குள் ஸ்பிரிங் ஏதாவது தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டேஷ்போர்டு இல்லாத கார், முகத்தோலை உரித்த மண்டைபோல் இருந்தது. நடுவில் கறுப்பாக ஏசிப் பெட்டி. அதன்மேல் விரலால் இரண்டு முறை தட்டினான்.

டிக். டிக்.

உள்ளேயிருந்து இரண்டு முறை.

கையை எடுத்துக்கொண்டான். பின்னால் குழந்தை ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் தைரியம் கொடுத்தது. பெட்டியின் கீழ்மூடியின் திருகாணிகளைக் கழற்றினான். மூடி விழுந்தது. கூடவே வெட்டிக் கழித்த பனியன் வேஸ்ட் ஈரமாகச் சரிந்து மடியில் விழுந்தது. கறைபிடித்து, பழுப்பேறி, இறுகித் திணித்த துணி. பழைய இரும்பின் வாடை. துணியைப் பிரித்தபோது ஏதோ உள்ளங்கையில் உருண்டது. ஒரு பால்பல். அரிசி அளவுதான். அதைச் சுற்றிப் பதினாறாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதற்கடுத்து ஒரு கட்டைவிரல் நகம், வேரோடு. அதிலும் ஒன்று.

அவன் அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து ரோட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஆனால் துணிக்கு அடியில் பளபளவென்று ஒன்று தெரிந்தது. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த பொருள்.

ஸ்டீல் கிளவுஸ். சின்னச் சின்ன எஃகு வளையங்களைப் பின்னிச் செய்த இடதுகைக் கையுறை. பிளேடு ஓடும்போது துணியை அழுத்திப் பிடிக்கிற கைக்குக் கட்டிங் மாஸ்டர்கள் போடுவது. இது ரொம்பச் சின்னதாக இருந்தது, குழந்தை கைக்குச் செய்ததுபோல. விரல்களை மடக்கிப் பெட்டியின் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஒரு விரல்நுனி தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

டிக்.

பெட்டிக்குள் ஏசித் தகடுகள் பிளேடு மாதிரி வரிசையாக நின்றன. கூர்மையான இடத்தில் கை விடுவதற்கு முன்னால் இடதுகையில் கிளவுஸ் ஏறியாக வேண்டும். பத்து வருஷப் பழக்கம் அது. யோசித்துச் செய்கிற காரியமில்லை. அவன் யோசிக்கவில்லை. போட்டுக்கொண்டான்.

சரியாக இருந்தது. அவனுக்கென்றே பின்னியதுபோல, விரலிடுக்கில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக ஓடியது. அப்படித்தான் அவனுக்கு நினைவிருந்தது. காருக்குள் மல்லாந்து படுத்துத் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான், மோட்டாரைக் கழற்றினான், குளுகுளுவென்று காற்று வந்தது. எங்கிருந்து காற்று என்று கேட்கத் தோன்றவில்லை. தூரத்தில் ஃபேன் சத்தம். நல்ல துணியைத் தடவுகிற மாதிரி இடதுகையில் ஒரு சுகம்.

"அப்பா, இன்னும் ஒட்டோணுமா? கூசுது."

கண் திறந்தான்.

அவன் காருக்குள் இல்லை. துணிக் குவியலின் பக்கத்தில் முட்டிபோட்டிருந்தான். எதிரே தேஜஸ்ரீ நெளிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கையில் ஒரு ஸ்டிக்கர். முழங்காலில். கணுக்காலில். காதுக்குப் பின்னால். எல்லாம் பதினாறு. மணிக்கட்டைச் சுற்றி நீலச் சாக்பீஸால் ஒரு கோடு, ஒரு நடுக்கமும் இல்லாமல், மாஸ்டர் போட்ட கோடு.

வலதுகையில் ஸ்டிக்கர் தாள் இருந்தது. பதினைந்துக்குப் பிறகு அவன் பதினாறு, பதினேழு என்று எழுதியிருந்தான். இப்போது அதில் பதினேழு இல்லை. மிச்சம் இருந்த அத்தனையும் பதினாறு.

"போதும் கண்ணு," என்றான். "ஓடு. வெளிய ஓடு."

இடதுகை அவளை விடவில்லை.

கிளவுஸைப் பிய்த்தெடுக்கப் பார்த்தான். வளையங்கள் சதைக்குள் இறங்கியிருந்தன. இழுத்தால் தோலும் சேர்ந்து வந்தது. ரத்தம் வளையங்களுக்கிடையே கசிந்தது. பல்லால் கடித்தான். முன்பல் உடைந்தது. கை எழுந்தது. அவனையும் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எழுந்தது. சுவரிலிருந்த பச்சைப் பொத்தானை விரல்முட்டியால் அழுத்தியது.

கட்டிங் டேபிளின் கோடியிலிருந்த பேண்ட் நைஃப் ஓட ஆரம்பித்தது.

டேபிளின் துவாரத்தில் மேலிருந்து கீழே ஓடுகிற அந்த மெல்லிய நாடா பிளேடு, நூறு துணியை ஒன்றாக அடுக்கினாலும் வெண்ணெய்போல அறுக்கும். விர்ர்ர் என்று ஒரே சுருதி.

"அப்பா, வலிக்குது."

கை அவள் மணிக்கட்டைத் தூக்கியது. டேபிளின்மேல் வைத்தது. துணியை நீவிவிடுகிற மாதிரி விரல்களை ஒவ்வொன்றாக நீவியது. பிறகு நீலக் கோட்டைப் பிளேடுக்கு நேராகத் திருப்பியது. அவனுக்குத் தெரிந்த அதே நிதானத்தில். அவன் தினமும் செய்கிற அதே வேலை.

வலதுகையால் இடது முழங்கையைப் பிடித்து இழுத்தான். நகரவில்லை. உடம்பையே தரையில் சாய்த்தான். நகரவில்லை. குழந்தையின் சுண்டுவிரல் நுனி பிளேடைத் தொட்டது. ஒரு சிவப்புக் கோடு. அவள் அலறினாள். மூச்சு இழுத்தது. மறுபடி அலறச் சத்தம் வரவில்லை. உதடு நீலமானது.

கை முன்னால் தள்ளத்தான் விடும். பின்னால் விடாது.

சரி. முன்னால்.

டேபிளின்மேல் ஏறினான். முழு உடம்பையும் போட்டு, அவள் கையைத் தாண்டித் தன் முன்னங்கையைப் பிளேடில் தள்ளினான். கிளவுஸ் முடிகிற இடத்துக்கு மேலே. சட்டை கிழிந்தது. தோல். சதை. சூடு. எலும்பில் பிளேடு கீச்சிட்டது. அவன் இன்னும் தள்ளினான். கூரை வரைக்கும் ரத்தம் அடித்தது. ஏதோ முறிந்தது. சட்டென்று இடப்பக்கம் லேசாகிவிட்டது.

குழந்தை விடுபட்டுக் கீழே விழுந்தாள். அவனும் விழுந்தான்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு ஷட்டர் மேலே ஏறுகிற சத்தம். வெளிச்சம். பிரியாணி வாடை.

"ஐயோ, ஏனுங்க, என்னங்க ஆச்சு…"

வினிதா முட்டிபோட்டுத் துப்பட்டாவால் அவன் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். ஒரு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். நம்பர் தவறியது. மறுபடி போட்டாள். "கண்ண மூடாதீங்க. என்னையப் பாருங்க. பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் நின்னுக்கிட்டிருக்குது, பாருங்க."

அவன் பார்த்தான்.

வெட்டுண்ட கை டேபிளுக்கடியில் கிடந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, தோலுரிந்து, வெறுங்கையாக.

வினிதாவுக்குப் பின்னால் தேஜஸ்ரீ நின்றாள். அழுகை நின்றுவிட்டது. வீசிங் இல்லை. மூச்சு சீராக ஓடியது. இடதுகையில் ஸ்டீல் கிளவுஸ், விரலிடுக்கில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், அவளுக்கென்றே பின்னியதுபோல.

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வினிதா குனிந்து அவன் கன்னத்தைத் தட்டினாள். "பேசாதீங்க. வந்துருவாங்க. பேசாதீங்க."

பிளேடு யாரும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தை ரத்தத்தில் கிடந்த தாளை எடுத்தாள். அதிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்தாள். அம்மாவின் பின்னலைப் பக்குவமாக ஒதுக்கிவிட்டு, கழுத்தின் நடுவில் ஒட்டினாள். ஒட்டியது பிரியாமல் இருக்க, எஃகு விரல்களால் அதை மெல்ல நீவிவிட்டாள்.